புதிய லேப்டாப் அலுவலக நெட்வொர்க்கில் சேர மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்கள் விண்டோஸ் 11 லேப்டாப்பை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆப்பிள் கணினிக்குத் தனியாக ஒரு பதில் உண்டு. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'அட்மின்' என்று வருமிடமெல்லாம் உங்கள் அலுவலக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய லேப்டாப் நேற்றுவரை இதே மேசையில் ஒழுங்காக ஓடியது. புதியது மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

பெரும்பாலும் புதியதில் கோளாறு எதுவும் இருக்காது. அது யாரென்று நெட்வொர்க்குக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பழையதன் வன்பொருள் முகவரி (நெட்வொர்க் அடாப்டரின் தனி அடையாள எண், 'மேக் அட்ரஸ்' என்பார்கள்) ரவுட்டரிலோ, கேபிள்களை ஒன்றுசேர்க்கும் சுவிட்சிலோ பதிவாகியிருக்கும். அலுவலகக் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டொமைனில் அதன் பெயரில் ஒரு கணக்கு இருக்கும். வைஃபைக்கான சான்றிதழ், சர்வரின் கடவுச்சொல், பிரிண்டர் டிரைவர், இணையத்துக்கு இடையில் நிற்கும் ப்ராக்ஸி சர்வரின் முகவரி, சில இடங்களில் கையால் போட்ட நிலையான ஐபி, எல்லாம் அதற்குள் சேர்ந்திருக்கும். கோப்புகளைப் பென்டிரைவிலோ கிளவுடிலோ மாற்றும்போது இவற்றில் ஒன்றும் கூடவே வருவதில்லை.

ஆகவே பழைய லேப்டாப் இன்னும் ஓடுகிறது என்றால் அதை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். அதில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' என்று தட்டி, வருவதை அப்படியே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐபி முகவரி, நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் சப்நெட் மாஸ்க், வெளியே போகும் வாசலான கேட்வே, பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர், 'டிஎச்சிபி எனேபிள்டு' (ஐபியைத் தானாகப் பெறும் முறை) என்ற வரியில் ஆமா இல்லையா என்பது ஆகியவை கீழே பல இடங்களில் தேவைப்படும். பழையது போய்விட்டால், ஒழுங்காக ஓடுகிற பக்கத்து மேசைக் கணினியில் இதைச் செய்யலாம்.

எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

கீழிருந்து மேலே போக வேண்டும். கேபிளோ வைஃபையோ இணைந்திருக்கிறதா, ஐபி வந்ததா, கேட்வே பதில் சொல்கிறதா, சர்வர் எண்ணால் கிடைக்கிறதா, பெயரால் கிடைக்கிறதா, கடைசியாக உள்நுழைவு நடக்கிறதா. எந்தப் படியில் முதலில் அறுகிறது என்று தெரிந்துவிட்டால், அதற்கு மேலே தெரிகிற பிழைச் செய்திகளை அப்போதைக்கு மறந்துவிடலாம்.

நடைமுறையில் இது மூன்று பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை). கேட்வே 192.168.10.1 என்றால் 'பிங் 192.168.10.1'. அடுத்து கோப்பு சர்வரின் ஐபிக்கு ஒன்று. பிறகு அதே சர்வரின் பெயருக்கு ஒன்று. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் சிக்கல் டிஎன்எஸ்ஸில்.

ஓர் எச்சரிக்கை. பிங்குக்குப் பதில் வராததாலேயே சர்வர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்; பல ஃபயர்வால்கள் பிங்கை மட்டும் தடுத்து வைத்திருக்கும். பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' என்று தட்டி, சர்வர் பெயரையும் '-போர்ட் 445' என்பதையும் சேர்த்தால், கோப்புப் பகிர்வுக்கான கதவு திறந்திருக்கிறதா என்று நேராகச் சொல்லிவிடும். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389, பிரிண்டருக்குப் பெரும்பாலும் 9100.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றி, தற்செயலாகச் சரியாகிவிட்டால், அடுத்த லேப்டாப் வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கேபிளைச் செருகினேன். விளக்குகூட எரியவில்லை.

முதல் சந்தேகம் சுவர் சாக்கெட் மேல்தான். சாக்கெட் இருப்பதாலேயே அதற்குப் பின்னால் இணைப்பு இருக்கிறது என்று சொல்ல முடியாது. சுவிட்சுகளை அடுக்கியிருக்கும் ரேக்கில் அதன் மறுமுனை சுவிட்சோடு இணைக்கப்படாமல் கிடப்பது மிகச் சாதாரணம். சாக்கெட்டில் அச்சிட்ட எண்ணை அட்மினிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார்.

பக்கத்து மேசைக் கேபிளைப் பிடுங்கி உங்கள் லேப்டாப்பில் செருகிப் பார்க்கத் தோன்றும். அதற்கு முன் அட்மினிடம் கேட்டுவிடுங்கள். சுவிட்சில் போர்ட் செக்யூரிட்டி போட்டிருந்தால், தெரியாத வன்பொருள் முகவரியைக் கண்டதும் அந்தப் போர்ட்டையே (சுவிட்சில் கேபிள் செருகும் துளையை) மூடிவிடும். பிறகு கேபிளைத் திருப்பிச் செருகினாலும், அட்மின் திறந்துவிடும்வரை பக்கத்து மேசைக்காரருக்கும் நெட்வொர்க் இருக்காது.

சாக்கெட்டும் கேபிளும் சரியென்றால் டிவைஸ் மேனேஜரில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். மஞ்சள் முக்கோணம் தெரிந்தாலோ, ஈதர்நெட் என்ற பெயரே இல்லாவிட்டாலோ டிரைவர் இல்லை என்று பொருள். வைஃபையும் வேலை செய்யாத நிலையில் டிரைவரை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள்; பெரும்பாலான போன்களுக்கு விண்டோஸ் தனி டிரைவர் கேட்காது. அலுவலக லேப்டாப்பில் போன் இணையத்துக்கு அனுமதி உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் ஈதர்நெட் துளையே இல்லை. யூஎஸ்பி-சி அடாப்டரோ டாக்கோ (பல துளைகள் உள்ள இணைப்புப் பெட்டி) போட்டால் போதுமா?

இணைப்புக்குப் போதும். ஆனால் நெட்வொர்க் பார்ப்பது அடாப்டரின் வன்பொருள் முகவரியைத்தான். லேப்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் முகவரியை அட்மினிடம் கொடுத்து அவர் அதைப் பதிவு செய்தால், டாக் வழியாக வரும் லேப்டாப்பை நெட்வொர்க் வெளியாளாகவே நடத்தும். 'கெட்மேக் /வி' என்ற கட்டளை ஒவ்வோர் அடாப்டரின் முகவரியையும் பிரித்துக் காட்டும். கேபிள் எதில் செருகியிருக்கிறதோ அதன் முகவரியைக் கொடுங்கள்.

இதன் மறுபக்கம்: ஒரே அடாப்டரை வைத்துக்கொண்டு பத்து லேப்டாப்பை வரிசையாக அமைத்தால், நெட்வொர்க் கண்ணுக்குப் பத்தும் ஒரே ஆள். முகவரியை வைத்து ஐபி ஒதுக்கும் இடங்களில் இது பெரிய குழப்பம். நிறுவனங்களுக்கென விற்கப்படும் பல லேப்டாப்களின் பயாஸில் 'மேக் அட்ரஸ் பாஸ்-த்ரூ' என்ற வசதி இருக்கும். லேப்டாப்பும் டாக்கும் அதற்குப் பொருந்துபவையாக இருந்தால், எந்த டாக்கில் வைத்தாலும் லேப்டாப் தன் சொந்த முகவரியோடு போகும்.

இணைப்பு வந்துவிட்டது, ஆனால் வேகம் 100 மெகாபிட் என்றே காட்டுகிறது.

கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும்; 1, 2, 3, 6 ஆகிய ஊசிகள். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மீதி நான்கு கம்பிகளில் ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு அறுவதில்லை. பெரும்பாலும் 100க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றிப் பாருங்கள். மேசை ஐபி போன் வழியாகச் சுற்றி வந்தால் போனையும் சந்தேகியுங்கள், கணினிக்கான அதன் துளையே 100 மெகாபிட்டாக இருக்கக்கூடும்.

ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது.

லேப்டாப் 'எனக்கு ஒரு முகவரி கொடு' என்று கேட்டது, டிஎச்சிபி சர்வரிலிருந்து பதில் வரவில்லை, அதனால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. இந்த முகவரியோடு கேட்வேயைத் தாண்ட முடியாது. 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்', பிறகு 'ஐபிகான்ஃபிக் /ரின்யூ' என ஒருமுறை முயலலாம். அதற்கும் மசியாவிட்டால் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று.

ஒன்று, முகவரிகள் தீர்ந்துவிட்டன. சாதாரண 255.255.255.0 மாஸ்க்கில் மொத்தமே 254 முகவரிகள்தான். அதில் டிஎச்சிபிக்கு விட்டது இன்னும் குறைவு. ஒவ்வொருவரின் போனும் அலுவலக வைஃபையில் இருந்தால் சீக்கிரம் காலியாகிவிடும். புதிதாக வருபவருக்கே முதலில் தட்டுப்படும் என்பதால் பழி லேப்டாப் மேல் விழும்.

இரண்டு, பதிவு செய்த வன்பொருள் முகவரிகளுக்கு மட்டுமே ஐபி தரும்படி சர்வரில் அமைத்திருக்கிறார்கள்.

மூன்று, சுவிட்ச் போர்ட் தவறான விலானில் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) இருக்கிறது. அந்த விலானில் டிஎச்சிபியே இல்லை.

நான்கு, கம்பிவழி இணைப்பிலும் 802.1எக்ஸ் அங்கீகாரம் (யாரென்று நிரூபித்த பிறகே உள்ளே விடும் முறை) கேட்கிறார்கள், லேப்டாப் பதில் சொல்லவில்லை. விண்டோஸில் இதைக் கவனிக்கும் 'வயர்டு ஆட்டோகான்ஃபிக்' சேவை இயல்பாக ஓடிக்கொண்டிருப்பதில்லை. 'சர்வீசஸ்' சாளரத்தில் அதைத் தொடங்கி, தொடக்க வகையை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள். அதன் பிறகுதான் அடாப்டரின் பண்புகளில் 'ஆதென்டிகேஷன்' என்ற தாவலே முளைக்கும். அந்தத் தாவலைத் தேடி அலைபவர்கள் பலர்.

ஐபி கிடைத்தது, ஆனால் பக்கத்து மேசைக்கு 10.20 என்று தொடங்குகிறது, எனக்கு 192.168.1 என்று வருகிறது.

நீங்கள் வேறு நெட்வொர்க்கில் நிற்கிறீர்கள். விருந்தினர் வைஃபையிலோ விருந்தினர் விலானிலோ விழுந்திருக்கலாம். இணையம் வரும், சர்வர் வராது. அதைவிட மோசமான வாய்ப்பு, வைஃபை சரியில்லை என்று யாரோ ஒருவர் வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து சுவர் சாக்கெட்டில் செருகி, அது அக்கம்பக்கக் கணினிகளுக்கெல்லாம் ஐபி கொடுத்துக்கொண்டிருப்பது. 'ஐபிகான்ஃபிக் /ஆல்' காட்டும் 'டிஎச்சிபி சர்வர்' வரியைப் பக்கத்துக் கணினியோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் அந்த எண்ணை அட்மினிடம் கொடுத்துவிடுங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

பழைய லேப்டாப்பின் ஐபியை அப்படியே புதியதில் போடலாமா?

பழையதை அணைத்துவிட்டு, அட்மின் சரியென்றால் போடலாம். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் முகவரி மோதல். இணைப்பு வந்து வந்து போகும். பழையது அலமாரியில் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது வைஃபையில் விழித்தபடி இருக்கும். நிலையான ஐபி உண்மையிலேயே தேவையென்றால் லேப்டாப்பை டிஎச்சிபியில் விட்டு, சர்வரில் அந்த முகவரியை ஒதுக்கித்தரச் சொல்வதே நல்லது. கையால் போட்ட ஐபியோடு வீட்டுக்குப் போனால் அங்கே இணையம் வராது.

அலுவலக வைஃபையின் பெயரே பட்டியலில் வரவில்லை. போனில் தெரிகிறது.

பெயர் மறைக்கப்பட்டிருக்கலாம், அப்படியென்றால் பெயரையும் பாதுகாப்பு வகையையும் கையால் கொடுத்துச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அலைவரிசைப் பிரச்சினை. வைஃபை தரும் பெட்டியான ஆக்சஸ் பாயின்ட் 2.4 கிகாஹெர்ட்ஸில் 12 அல்லது 13ஆம் சேனலில் இருந்தால், அந்தச் சேனல்களைப் பயன்படுத்தாத நாட்டுக்கென அமைந்த லேப்டாப்புக்கு அது தெரியாது. 6 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பும் பெயர், வைஃபை 6இ அல்லது 7 உள்ள கருவிக்கே தெரியும்; அங்கே டபிள்யூபிஏ2 என்ற பழைய பாதுகாப்பு முறை செல்லாது. லேப்டாப்பின் வைஃபை அட்டைக்கு எது ஒத்துவரும் என்பதை 'நெட்ஷ் டபிள்யூலான் ஷோ டிரைவர்ஸ்' என்ற கட்டளை காட்டும்.

கடவுச்சொல் சரி, ஆனாலும் 'இணைக்க முடியவில்லை' என்கிறது.

கடவுச்சொல் மட்டும் கேட்கும் வைஃபையா, பயனர்பெயரும் சேர்த்துக் கேட்பதா என்று முதலில் பாருங்கள். கடவுச்சொல் மட்டும் என்றால், சேமித்த இணைப்பை 'ஃபர்கெட்' செய்துவிட்டு மறுபடி இணையுங்கள், வைஃபை டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். பழைய ஆக்சஸ் பாயின்டும் புதிய வைஃபை அட்டையும் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த நிலையில் ஒத்துப்போகாமல் அடம்பிடிப்பதுண்டு. அட்மின் ஒரு சோதனைப் பெயரை டபிள்யூபிஏ2 மட்டும் வைத்துத் திறந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

பயனர்பெயர் கேட்கும் வைஃபையென்றால் கடிகாரத்தைப் பாருங்கள். பெட்டியிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த லேப்டாப்பில் தேதி பிசகியிருந்தால் சான்றிதழ் செல்லாது என்று தள்ளிவிடும், திரையில் அந்தக் காரணத்தைச் சொல்லாது. அடுத்து, பயனர்பெயரின் வடிவம்: வெறும் பெயரா, டொமைன் பெயரோடு சேர்த்தா, மின்னஞ்சல் வடிவிலா? சான்றிதழ் வைத்தே இணையும் இடமென்றால் அந்தச் சான்றிதழ் உங்கள் லேப்டாப்பில் நிறுவப்படும்வரை எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை.

இன்னொன்று. 2022இல் வந்த 22எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 எண்டர்பிரைஸில், கடவுச்சொல் விவரங்களைத் திருட்டிலிருந்து காக்கும் 'கிரெடென்ஷியல் கார்டு' என்ற வசதி இயல்பாகவே இயங்குகிறது. பயனர்பெயர், கடவுச்சொல்லை வைத்து எம்எஸ்-சாப் முறையில் தானாக இணைந்துகொண்டிருந்த வைஃபை இதனால் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்க ஆரம்பிக்கும். கிரெடென்ஷியல் கார்டை அணைப்பது எளிது, ஆனால் செய்யாதீர்கள். சான்றிதழ் முறைக்கு மாறுவதே முறையான தீர்வு. அது அட்மினின் வேலை.

அட்மின் என் முகவரியைப் பதிவு செய்துவிட்டார், இருந்தும் வைஃபை தள்ளிவிடுகிறது.

செட்டிங்ஸில் வைஃபை பக்கத்தில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸஸ்' இயக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் லேப்டாப் பொய் முகவரியோடு போகிறது. பொய் முகவரியை அடையாளம் காண ஒரு வழி உண்டு: அதன் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். அலுவலக வைஃபைக்கு மட்டும் இதை அணைத்தால் போதும், வெளியிடங்களில் இருக்கட்டும்.

இணையம் அருமையாக வருகிறது, அலுவலக சர்வர் மட்டும் வரவில்லை.

டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். அலுவலக சர்வரின் பெயர் வெளியுலகில் யாருக்கும் தெரியாது, அலுவலக டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 8.8.8.8 என்று போட்டிருந்தால் இணையதளங்களெல்லாம் திறக்கும், சர்வர் திறக்காது. அலுவலக டிஎன்எஸ்ஸை முதலாவதாகவும் 8.8.8.8ஐ இரண்டாவதாகவும் போடுவதும் தவறு. முதலாவது ஒருமுறை தாமதித்தால் விண்டோஸ் இரண்டாவதுக்குத் தாவி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிடும். விட்டுவிட்டு வரும் கோளாறுகளில் பாதிக்கு இதுவே வேர் என்பது எங்கள் கருத்து. இரண்டையும் அலுவலக டிஎன்எஸ்ஸாகவே வையுங்கள், அல்லது தானாக வரவிடுங்கள். பிறகு 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்'.

உள் இணையதளம் மட்டும் உலாவியில் திறக்கவில்லை, அதே பெயருக்கு பிங் போகிறது என்றால் உலாவியின் 'செக்யூர் டிஎன்எஸ்' அமைப்பை அணைத்துப் பாருங்கள்.

தலைகீழாக: சர்வர் வருகிறது, இணையம் வரவில்லை.

ப்ராக்ஸி. பழைய லேப்டாப்பின் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பக்கத்தில் 'ப்ராக்ஸி' பகுதியில் என்ன இருந்ததோ அதையே இங்கேயும் போடுங்கள். வங்கித் தளத்திலிருந்து தேடுபொறிவரை எல்லாவற்றுக்கும் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால், அலுவலக ஃபயர்வால் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கிறது, அதன் மூலச் சான்றிதழ் உங்களிடம் இல்லை என்று பொருள். அதை அட்மின்தான் நிறுவ வேண்டும். எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

டொமைனில் சேர்க்க முடியவில்லை.

விண்டோஸ் ஹோம் பதிப்பென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஹோம் டொமைனில் சேராது. ப்ரோவுக்கு உரிமம் வாங்கி மேம்படுத்த வேண்டும். கடையில் நேராக வாங்கிய லேப்டாப்களில் பெரும்பாலும் ஹோம்தான் இருக்கும் என்பதால் பெட்டியைத் திறந்ததும் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இது.

'டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்றால் மறுபடி டிஎன்எஸ்தான். உள்நுழைவு விவரம் சரியாக இருந்தும் தள்ளினால் கடிகாரம்: லேப்டாப்புக்கும் டொமைன் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வரான கன்ட்ரோலருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கெர்பராஸ் என்ற உள்நுழைவு முறை ஏற்காது. நேர மண்டலத்தையும் பாருங்கள்; மணி சரியாகத் தெரிந்து மண்டலம் தவறாக இருப்பதும் அதே விளைவைத்தான் தரும். கணினிப் பெயர் 15 எழுத்துக்குள் இருக்கட்டும்.

பழைய லேப்டாப்பின் பெயரையே புதியதற்கும் வைக்க ஆசைப்படுவோர் கவனிக்க வேண்டியது: 2022 அக்டோபரில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு, டொமைனில் ஏற்கனவே இருக்கும் கணினிக் கணக்கை வேறொருவர் மறுபடி பயன்படுத்துவது தடுக்கப்படுகிறது. 'அதே பெயரில் கணக்கு உள்ளது, மறுபயன்பாடு பாதுகாப்புக் கொள்கையால் தடுக்கப்பட்டது' என்ற பொருளில் செய்தி வரும். பழைய கணக்கை அட்மின் நீக்கலாம். வேறு பெயர் வைப்பது அதைவிடச் சுலபம்.

அலுவலகத்தில் சேர்த்தாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய் முதல்முறை உள்நுழைந்தால் 'உள்நுழைவு சர்வர் இல்லை' என்கிறது.

பழைய லேப்டாப் உங்கள் கடவுச்சொல்லின் சாயலைத் தனக்குள் சேமித்து வைத்திருந்ததால் வீட்டிலும் திறந்தது. புதியதில் நீங்கள் இன்னும் ஒருமுறைகூட நுழையவில்லை, சேமிக்க ஒன்றுமில்லை. முதல் உள்நுழைவு அலுவலகத்தில், கேபிளில் நடக்க வேண்டும். கேபிள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பல அலுவலக வைஃபைகள் பயனர் உள்நுழைந்த பிறகே இணையும். உள்நுழையவோ நெட்வொர்க் வேண்டும். கேபிளில் இந்த முட்டுச்சந்து பெரும்பாலும் இல்லை.

பகிர்ந்த கோப்புறை திறக்கவில்லை. கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அல்லது பாதை இல்லை என்கிறது.

புதிய லேப்டாப்பில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கடவுச்சொல் பெட்டி திரும்பத் திரும்ப வந்தால், நீங்கள் பின் எண்ணைத் தட்டுகிறீர்களா? திரையைத் திறக்கும் பின் அந்த லேப்டாப்புக்குள் மட்டுமே செல்லும், சர்வருக்கு அது தெரியாது. பயனர்பெயரையும் வெறுமனே தராமல், சர்வர் பெயர் அல்லது டொமைன் பெயர், பின்சாய்கோடு, பயனர்பெயர் என்ற வரிசையில் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் பெயரோடு போய் முட்டும். தவறாக ஒருமுறை சேமித்துவிட்டால் 'கிரெடென்ஷியல் மேனேஜரில்' போய் அதை நீக்க வேண்டும். 1219 என்ற பிழை எண் வந்தால், அதே சர்வருக்கு வேறொரு பெயரில் ஏற்கனவே இணைந்திருக்கிறீர்கள். 'நெட் யூஸ் * /டிலீட்' என்று எல்லாவற்றையும் அறுத்துவிட்டு மறுபடி இணையுங்கள்.

பக்கத்து விண்டோஸ் 10 கணினியில் அதே கோப்புறை கடவுச்சொல் இல்லாமலே திறக்கிறது, உங்கள் புதிய விண்டோஸ் 11இல் மட்டும் இல்லை என்றால், காரணம் 24எச்2 பதிப்பு. 2024இல் வந்த இந்தப் பதிப்பின் ப்ரோ, எண்டர்பிரைஸ் வகைகளில் இரண்டு விஷயங்கள் இறுகிவிட்டன. கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி இணைப்பில் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். விருந்தினராக, கடவுச்சொல் இல்லாமல் நுழைவதற்கு இடமில்லை. கையொப்பம் தெரியாத பழைய நாஸ் பெட்டிகளும் (நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டிகள்), 'எல்லோருக்கும் திறந்தது' என்று விட்டுவைத்த பகிர்வுகளும் இதில் அடிபடும். எஸ்எம்பி 1 மட்டும் பேசும் மிகப் பழைய பெட்டியென்றால் இன்னும் கஷ்டம், விண்டோஸ் 11இல் அது இயல்பாக இயங்குவதில்லை.

இணையத்தில் தேடினால் லேப்டாப்பில் கையொப்பத்தையும் விருந்தினர் தடையையும் அணைக்கும் ரெஜிஸ்ட்ரி வித்தைகள் ஏராளம் கிடைக்கும். வேலையும் செய்யும். ஆனால் அவை அந்த லேப்டாப்பை எல்லா நெட்வொர்க்கிலும் பலவீனமாக்கும், அடுத்த லேப்டாப்பிலும் அதையே செய்ய வேண்டிவரும். சரியான இடம் நாஸ்: அதன் மென்பொருளைப் புதுப்பித்து, எஸ்எம்பி 2க்கும் 3க்கும் மாற்றி, கையொப்பத்தை இயக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர்கணக்கு போடுங்கள். புதுப்பிக்கவே முடியாத பெட்டி என்றால் அதன் காலம் முடிந்துவிட்டது.

லேப்டாப்போடு இலவசமாக வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸையும் மறக்க வேண்டாம். பலவற்றில் சொந்த ஃபயர்வால் இருக்கும். அலுவலகத்துக்கென வேறு பாதுகாப்பு மென்பொருள் இருந்தால் சோதனைப் பதிப்பை முழுவதுமாக நீக்கிவிடுங்கள்.

ஸ்கேனர் என் லேப்டாப் கோப்புறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது இல்லை.

இங்கே இணைப்பு எதிர்த்திசையில் வருகிறது. புதிய நெட்வொர்க்கை விண்டோஸ் 'பப்ளிக்' என்று குறித்துக்கொண்டால் வெளியிலிருந்து வருவதை ஃபயர்வால் தடுக்கும். அலுவலக நெட்வொர்க்குக்கு 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். டொமைனில் சேர்ந்த கணினி தானாகவே 'டொமைன்' வகைக்கு மாறிவிடும். கோப்புறையைப் பகிர்ந்து, ஸ்கேனரின் முகவரிப் பட்டியலில் புதிய கணினிப் பெயரையும் பயனர் விவரத்தையும் போடுங்கள்.

பிரிண்டரைச் சேர்க்கப் போனால் அட்மின் கடவுச்சொல் கேட்கிறது. முன்பு கேட்டதில்லையே?

2021இல் 'பிரிண்ட் நைட்மேர்' என்று பெயர்பெற்ற ஓட்டை வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் புதுப்பிப்பிலிருந்து, பிரிண்ட் சர்வரிலிருந்து டிரைவர் நிறுவ அட்மின் உரிமை வேண்டும். பழைய லேப்டாப்பில் டிரைவர் ஏற்கனவே இருந்ததால் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும். பிரிண்டர் சேர்ந்துவிட்டு, ஓரிரு நாளில் 'ஆஃப்லைன்' என்று காட்டினால் அதன் போர்ட்டைப் பாருங்கள்: 'டபிள்யூஎஸ்டி' என்று இருந்தால் 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி' போர்ட் ஒன்றை உருவாக்கி, பிரிண்டருக்கு மாறாத ஐபி ஒதுக்கி, அதில் மாற்றுங்கள்.

வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் விபிஎன் இணைகிறது, சர்வர் கிடைக்கவில்லை. இன்னொருவருக்கு விபிஎன் மென்பொருளே நிறுவ முடியவில்லை.

முதலாவது: வீட்டு ரவுட்டரும் அலுவலகமும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தால், சர்வரைத் தேடும் லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடும். வீட்டு ரவுட்டரின் வரிசையை 192.168.77 போல எதற்காவது மாற்றுங்கள். இரண்டாவது: லேப்டாப்பின் பிராசசர் ஆர்ம் வகையா என்று பாருங்கள். வேறு வகை பிராசசருக்கு எழுதிய சாதாரண மென்பொருள்களை அது போலச்செய்து ஓட்டிவிடும். டிரைவர்களை அப்படி ஓட்ட முடியாது. விபிஎன்னுக்கும் பிரிண்டருக்கும் ஆர்ம் 64 பதிப்பு தனியாக வேண்டும்.

ஐபிவி6ஐ (புதிய வகை ஐபி முகவரி) அணைத்துவிடலாமா?

வேண்டாம். மைக்ரோசாஃப்டும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

'நெட்வொர்க் ரீசெட்' அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமாமே?

அது எல்லா அடாப்டர்களையும் கழற்றி மறுபடி மாட்டி, அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகும். சேமித்த வைஃபை, கையால் போட்ட ஐபி, டிஎன்எஸ் எல்லாம் போகும். விபிஎன் மென்பொருளையும் மெய்நிகர் சுவிட்சுகளையும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கலாம். புதிய லேப்டாப்பில் கலைப்பதற்கு அதிகம் இல்லாததால் பெரிய பலனும் இல்லை. கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடித் திறந்தால் வைஃபை அறுந்துவிடுகிறது.

டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பண்புகளில் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவல் இருந்தால், மின்சாரம் சேமிக்க அணைக்க அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள். அதற்கும் தீராவிட்டால், அட்மின் உரிமையோடு 'நெட்ஷ் டபிள்யூலான் ஷோ டபிள்யூலான்ரிப்போர்ட்' என்று தட்டுங்கள். எப்போது, எதனால் அறுந்தது என்ற அறிக்கை ஒரு பக்கமாக உருவாகும்.

ஆப்பிள் மேக்புக் வாங்கியிருக்கிறேன்.

மேலே சொன்ன வரிசை இதற்கும் பொருந்தும். 2024இல் வந்த மேக்ஓஎஸ் செக்வோயாவிலிருந்து 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' உண்டு. அலுவலக வைஃபையில் முகவரி பதிவு செய்திருந்தால் அதை 'ஆஃப்' செய்யுங்கள். கோப்புறைக்கு ஃபைண்டரில் 'கோ' பட்டியலில் 'கனெக்ட் டு சர்வர்' எடுத்து, எஸ்எம்பி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, சர்வர் பெயர் என்று கொடுங்கள்.

அட்மினிடம் உதவி கேட்கும்போது என்ன கொடுக்க வேண்டும்?

'நெட் வரலை' என்பதைத் தவிர எதுவும் உதவும். கேபிளா வைஃபையா, சாக்கெட் எண், 'ஐபிகான்ஃபிக் /ஆல்' படம், எந்தப் பிங் போய் எது போகவில்லை, பிழைச் செய்தி எண்ணோடு அப்படியே, நடந்த நேரம் நிமிடம்வரை. சர்வர் பதிவுகளில் அவர் நேரத்தை வைத்துத்தான் தேடுவார்.

புதியது ஓடுகிறது. பழைய லேப்டாப்பை என்ன செய்ய?

அதன் டொமைன் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், வைஃபை சான்றிதழை ரத்துசெய்யச் சொல்லுங்கள், பதிவிலிருக்கும் வன்பொருள் முகவரியையும் ஒதுக்கிய ஐபியையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அதன் வட்டைப் பூட்டியிருக்கும் பிட்லாக்கரின் மீட்புச்சாவியை மட்டும், வட்டு அழிக்கப்படும்வரை, அட்மின் வைத்திருக்கட்டும். உள்ளே இன்னும் ஒரு கோப்பு பாக்கியிருக்கிறது என்று யாராவது வருவார்கள்.